மேப்பிள் பாகு காய்ச்சிய எங்கள் பெரியக்கா

பெரியக்காவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்திருக்கும் உங்கள் கைகளில் இந்த நினைவு மலரைத் தரும்போது, அழுகையை முந்திக்கொண்டு பெருமைதான் வருகிறது.

பெரியக்கா சாவகச்சேரியில் பிறந்தார். ஐந்து பேரில் மூத்தவர். ஐயா இறந்தபோது அவருக்குப் பதினேழு வயது. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, கலியாண வீடுகளுக்குச் சீனிப்பாகு காய்ச்சி அரியதரம், பயித்தம் உருண்டை என்று பலகாரங்கள் செய்து கொடுத்து எங்கள் நால்வரையும் படிக்க வைத்தார். தனக்கொரு கலியாணம் பேச அவர் விடவேயில்லை. எண்பதுகளின் நடுவில் என்னோடு லண்டன் வந்தார். குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் விசாவுக்காக வரிசையில் நின்றபோதும், பின்னால் நின்ற கர்ப்பிணிப் பெண்ணுக்குத் தன் இடத்தைக் கொடுத்தவர் அவர். பிறகு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை, வெம்பிளியில் வீடு.

கடைசித் தம்பி கனடா போனான். பட்டினம் பிடிக்காமல், மேப்பிள் மரங்கள் நிறைந்த சிற்றூர்ப் பண்ணை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். அந்த ஊரில் தமிழன் அவன் ஒருவன்தான்.

"அவன் அங்க தனிய கிடந்து காய வேண்டாம். டொரண்டோவில சொந்தக்காரரிட்ட கொண்டுபோய் விடுறன்" என்று, ஒரு மார்ச் மாதம் லீவு போட்டுக்கொண்டு பெரியக்கா புறப்பட்டார்.

அங்கே நடந்ததைத் தம்பிதான் எனக்குச் சொன்னான். பெரியக்கா போய்ச் சேர்ந்த மறுநாள் ஊரில் பாகு விருந்து. குளிர் விலகத் தொடங்கும் அந்த வாரங்களில் மேப்பிள் மரத்தில் துளையிட்டால் இனிப்பு நீர் வடியும். அதை அகன்ற தட்டங்களில் காய்ச்சிப் பாகாக்குவார்கள். அயலவர்கள் கொட்டகையில் கூடி, சுடுபாகைப் பனிமேல் ஊற்றித் தடியில் சுற்றிச் சாப்பிடுவார்கள். பதம் பார்ப்பவர் பண்ணைக்காரரின் மனைவி. அன்று காலை அவர் பனியில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டார். கணவர் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, கொதிக்கும் பாகோடு தம்பி தனித்து நின்றான்.

"அக்கா, பொங்குது! எனக்குப் பதம் தெரியாது. கருகினா அவ்வளவும் போச்சு!"

"கத்தாத. நெருப்பைக் குறை. ஆரிட்டையாவது கொஞ்சம் வெண்ணெய் வாங்கு. எந்த ஊரிலயும் பாகு பாகுதானே."

சீலைக்கு மேல் கம்பளிக் கோட்டும் இரவல் சப்பாத்துமாகப் பெரியக்கா அடுப்பருகே போனார். வெண்ணெய் விழுந்ததும் நுரை அடங்கியது. வந்திருந்தவர்களில் ஒருவர் விறகு சுமந்தார், ஒருவர் வடிதுணி பிடித்தார். பெரியக்கா அகப்பையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். பாகு சொட்டாமல் திரைபோல் விழுந்த கணத்தில், "இறக்கு" என்றார். மத்தியானம் கையில் கட்டோடு திரும்பிய பண்ணைக்காரி ஒரு வாய் சுவைத்துவிட்டு, மற்றக் கையால் அவரை அணைத்துக்கொண்டாராம். விருந்தில் அயலவர்கள் தம்பியின் முழுப் பெயரையும் பிழையில்லாமல் சொல்லி அழைத்ததைப் பெரியக்கா கவனித்திருக்கிறார்.

திரும்பி வந்தவரை ஹீத்ரோ விமான நிலையத்தில் நான் கேட்டேன்: "தம்பியை டொரண்டோவில விட்டிட்டு வந்தியளோ?"

"இல்லை. அவனுக்கு அங்கேயே ஆக்கள் இருக்கினம். நான்தான் பிழையா நினைச்சிட்டன்."

தன் பிழையை ஒத்துக்கொள்ள அவர் ஒருநாளும் கூச்சப்பட்டதில்லை.

அதன்பின் மார்ச் லீவு என்றால் அந்த ஊர்தான். கொண்டுவரும் பாகைத் தோசைக்கு ஊற்றி, எங்கள் தெருவையே கூப்பிட்டுக் கொடுப்பார். குஜராத்தி அயலவர்களும் தவறாமல் வருவார்கள். இந்த மார்ச்சில் நோய் அவரைப் போக விடவில்லை. மாதம் முடியுமுன் எங்களை விட்டுப் பிரிந்தார்.

இரவு பகலாகப் பராமரித்த தாதியருக்கும், எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் சாப்பாடு கொண்டுவந்த அயலவர்களுக்கும், கிரியைகளில் தோள் கொடுத்த உறவுகளுக்கும் எங்கள் நன்றி. அந்தக் கனடாச் சிற்றூருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. மரநீர் ஓடத் தொடங்கினால் ஒருநாள் கூட அவர்கள் ஓய்வதில்லை. பெரியக்காவின் தகனம் நடந்த நாளில், அந்த ஊரில் ஒரு கொட்டகையிலும் அடுப்பு மூட்டவில்லை.