சல்மாவின் ஹெல்மெட்

உம்மு சல்மா இப்போது பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில் வருகிறாள். பஸ்ஸில் வருவது ஒன்றும் கேவலமில்லை, மழைக்காலத்தில் நானும் பஸ்தான். ஆனாலும் அவள் தனியாக இறங்கி நடந்து வருவதைப் பார்க்கிறபோதெல்லாம் என் கண் அந்த பைக்கைத் தேடுகிறது. வருஷக்கணக்காக ஜெகபர் சாதிக்கின் பைக்கில் வந்து இறங்கியவள் அவள்.

நாங்கள் இருவரும் கோட்டுச்சேரியில் ஒரு சின்னத் தனியார் பள்ளியில் டீச்சர்கள். அவள் கணவர் ஜெகபருக்குக் காரைக்கால் டவுனில் பைக் உதிரிபாகக் கடையில் வேலை. காலையில் மனைவியைக் கோட்டுச்சேரியில் விட்டுவிட்டுத்தான் கடைக்குத் திரும்புவார். போலீஸ் கெடுபிடி வந்தபோது இருவருக்கும் ஹெல்மெட் வாங்கினார். போட்டுக்கொண்டு போனால் ஒன்றும் காதில் விழவில்லை. அவர் ஒன்று சொல்ல, இவள் பின்னாலிருந்து "என்னது, என்னது" என்று கத்த, ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்கு வந்த ப்ளூடூத் இன்டர்காம் ஒரு ஜோடியைக் கொண்டுவந்து இரண்டு ஹெல்மெட்டிலும் மாட்டிவிட்டார் ஜெகபர். பக்கவாட்டில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி, காதோரம் ஸ்பீக்கர், வாய்க்கு நேரே மைக். பட்டனை அழுத்தினால் இந்த ஹெல்மெட்டில் பேசுவது அந்த ஹெல்மெட்டில் கேட்கும்.

"ஏன்டி, முதுகுல ஒட்டிக்கிட்டு உக்காந்துருக்க, அதுக்கு ப்ளூடூத்து வேறயா?" என்று நான் கேட்காத நாளில்லை. பள்ளிக்கூடக் கேட்டுக்கு வெளியே பைக் நிற்கும், இவள் இறங்கமாட்டாள். பிரேயர் பெல் அடித்த பிறகும் இரண்டு ஹெல்மெட்டும் மாறி மாறித் தலையாட்டிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் ஜன்னலில் நின்று சிரிக்கும். ஹெட்மிஸ்ட்ரஸிடம் இவளுக்காகப் பொய் சொல்லியே என் வாய் தேய்ந்துபோனது.

ஒருநாள் அவளே சொன்னாள். "வீட்ல எங்க பேசுறது எழில்? எங்க ரூம் வாசல்லதான் மாமி கட்டில். பகல்ல கதவைச் சாத்துனா ஒரு பேச்சு, ராத்திரி பேசுனா செவுத்துக்கு அந்தப் பக்கம் கொழுந்தன் குடும்பம். அவரு சாப்ட்டாரா இல்லையான்னுகூட எனக்குத் தெரியாது. ஆம்பளைங்களுக்கு மாமிதான் வைப்பாங்க, நான் அடுப்படியில நிப்பேன். அதான் ஹெல்மெட்டைப் போட்டதும் முதல்ல அதைத்தான் கேப்பேன்."

கல்யாணமாகிப் பல வருஷமாகியும் அவர்களுக்குக் குழந்தை இல்லை. மாமியார் அஜீசுன்னிசா கெட்டவர் இல்லை. கை தாராளம், வாயும் தாராளம். அந்த வாயிலிருந்து விழுந்ததையெல்லாம் காலையில் ஹெல்மெட்டுக்குள் கொட்டி அழுவாள் இவள். "அவருக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. அழவும் மாட்டாரு. மூச்சு மட்டும் கேக்கும். நான் அழுது முடிக்கிற வரைக்கும் கடற்கரை ரோட்டைச் சுத்திக்கிட்டே இருப்பாரு" என்றாள். அன்றிலிருந்து நான் கிண்டலைக் குறைத்துக்கொண்டேன். நிறுத்தவில்லை, அது என்னால் முடியாது.

பிறகு ஒருநாள், கடையில் டயர்க் கட்டு ஒன்றை இறக்கி வைத்த ஜெகபர் அப்படியே உட்கார்ந்தார். மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை.

சல்மா இத்தாவில் உட்கார்ந்தாள். கணவன் மௌத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் பெண் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை, அந்நிய ஆண்கள் முன்னால் வருவதில்லை. பெண்கள் போய்ப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போவேன். வெள்ளை உடுத்தி அதே ரூமில் இருப்பாள். நான்தான் பள்ளிக்கூடக் கதையைப் பேசித் தீர்ப்பேன்.

இறந்தவரின் பொருளை இல்லாதவருக்குக் கொடுத்தால், அவர்கள் அதை உபயோகிக்கும்போதெல்லாம் அவருக்கு நன்மை போய்ச் சேரும் என்பது அவர்கள் நம்பிக்கை. சட்டை, கைலி, வாட்ச் எல்லாவற்றையும் மாமி பார்த்துப் பார்த்துக் கொடுத்தார். ஹெல்மெட் ரஃபீக்குக்குப் போனது. ரஃபீக் அவர்களுக்குத் தூரத்துச் சொந்தம், பைக்கில் பெட்டி கட்டிக் கடை கடையாகப் பன்னும் ரஸ்க்கும் போடுகிறவர், வெறுந்தலையோடு அலைந்தவர். பக்கத்தில் இருந்த கறுப்புப் பெட்டி என்னவென்று மாமிக்குத் தெரியாது. சல்மாவும் வாய் திறக்கவில்லை. "அவருக்கு நன்மை சேரட்டும்னு இருந்துட்டேன்" என்றாள் பிறகு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் போனதும் கதவைச் சாத்தினாள். பகலில்! கையைப் பிடித்துக்கொண்டு, "எழில், தப்பான்னு நீ சொல்லு" என்றாள்.

நடந்தது இதுதான். பீரோவிலிருந்த தன் ஹெல்மெட்டை ஒரு காலையில் எடுத்துத் தலையில் மாட்டியிருக்கிறாள். பழக்கதோஷத்தில் விரல் பட்டனை அழுத்தியிருக்கிறது, சார்ஜ் மிச்சம் இருந்திருக்கிறது. இணைந்துவிட்டது என்று உள்ளே இங்கிலீஷில் ஒரு குரல். அப்புறம் காற்று, ஹாரன், ஒரு ஆளின் மூச்சு. ரஃபீக் அந்தப் பெட்டியில் பாட்டுக் கேட்கக் கற்றுக்கொண்டு, தினமும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறார். அவர் தெருமுனை டீக்கடைக்குப் பன் போட வருகிற நேரம் அது. பாட்டு நின்றுவிட்டதே என்று பெட்டியைத் தட்டுவதுகூடக் கேட்டதாம். பைக் தெருவைத் தாண்டியதும் கரகரத்து அறுந்துபோனது.

மறுநாளும் சார்ஜ் போட்டு மாட்டினாள். அதற்கு மறுநாளும். மைக்கில் துப்பட்டாவைச் சுருட்டி அடைத்துக்கொண்டு, தன் சத்தம் போகாமல், அந்த மூச்சை மட்டும் கேட்டாள்.

"ஹெல்மெட்டுக்குள்ள மூச்சு எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கு எழில். கண்ணை மூடிக்கிட்டா நான் பின்னாடி உக்காந்துருக்கேன். இத்தாவுல இருந்துக்கிட்டு வேறொரு ஆம்பளை மூச்சைக் கேக்குறேனே, அல்லாஹ் மன்னிப்பானா?"

எனக்கு அவர்கள் மார்க்கம் தெரியாது, கோபம்தான் தெரியும். "உன் வீட்டுக்காரரைத்தானடி கேக்குற. போ, வேலையைப் பாரு" என்றேன். அவள் சிரித்தாள். அவர் போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். இது மட்டும் இவளுக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்று கும்பிட்டுக்கொண்டே வண்டியை எடுத்தேன்.

இருக்கவில்லை. ஒரு காலையில் துப்பட்டா நழுவியதை அவள் கவனிக்கவில்லை. மூச்சு காதில் விழுந்ததும் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"சாப்ட்டீங்களா மச்சான்?"

நடுத்தெருவில் பிரேக் அடித்த சத்தம் கேட்டதாம். பன் பெட்டி சரிந்து, டீக்கடைக்காரர் ஓடிவந்து பொறுக்கிக் கொடுத்ததை ஊரே பார்த்தது, ஏன் என்றுதான் யாருக்கும் தெரியாது. ரஃபீக்குக்குத் தெரிந்துவிட்டது. அந்த மனிதர் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. மறுநாள் ஹெல்மெட்டைத் துடைத்துப் பையில் போட்டு, சார்ஜர் வயரையும் சுற்றி வைத்து, மாமியிடம் நீட்டினார்.

"எனக்கு லூசா இருக்கு மாமி. வேற வாங்கிட்டேன். அது அவங்ககிட்டயே இருக்கட்டும்."

மாமி அதை மார்போடு அணைத்து எடுத்துவந்து மருமகள் மடியில் வைத்தார். "உன் மாப்பிள்ளை பொருளு, உன்கிட்டயே வந்துருச்சும்மா" என்று அழுதார். அவர் இவளிடம் அவ்வளவு பிரியமாகப் பேசியதே அன்றுதான்.

யாரைத் திட்டுவது நான்? ரஃபீக்கையா, மாமியையா? ஒருத்தராவது கெட்டவராக இருந்தால் வாய்க்கு வேலை கிடைத்திருக்கும். ஹெல்மெட் வந்துவிட்டது, அதைப் போட்டுக்கொண்டு போக ஆள் இல்லை. இரண்டும் பீரோவில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. சல்மா சாப்பாட்டைக் குறைத்துவிட்டாள்.

இத்தா முடிய இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிறு, ஜெகபரின் ஹெல்மெட்டை என் கையில் கொடுத்தாள்.

"உன் ஸ்கூட்டர்ல தெருமுனை வரைக்கும் போயிட்டு வா. பேசக்கூடாது. வாயை மூடுறது உனக்குக் கஷ்டம்தான், தெரியும். எனக்காக."

போட்டுக்கொண்டேன். உள்ளே இன்னும் லேசாக அத்தர் வாசம், அது ஜெகபருடையதா ரஃபீக்குடையதா, தெரியாது. வண்டியை மெதுவாக விட்டேன். அவள் வீட்டு ஜன்னல் பின்னால் போனது. காதுக்குள் ஒன்றுமில்லை. அப்புறம், என்னிடம் ஒருநாளும் பேசாத ஒரு குரலில், வெட்கமும் உரிமையுமாக,

"சாப்ட்டீங்களா மச்சான்?"

பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு மட்டும் விட்டேன்.

"மாமி இப்பல்லாம் என்னை ஒண்ணும் சொல்றதில்ல. எனக்குத் தட்டுல அவங்களே வைக்கிறாங்க. நீங்க இருக்கும்போது வச்சிருக்கலாம்ல..."

டீக்கடை வந்தது. திரும்ப வேண்டும், ரோடு தெரியவில்லை. எவ்வளவோ அடக்கியும் என் தொண்டையிலிருந்து ஒரு விம்மல் மைக்கில் போய் விழுந்துவிட்டது. அந்தப் பக்கம் பேச்சு நின்றது. பிறகு, எப்போதும் என்னிடம் பேசுகிற குரலில் சல்மா சொன்னாள்.

"அவரு அழமாட்டாரு எழில். போதும், வந்துரு."