புளிப்பு இல்லாத அறிவியல்

அறை தருவதற்கு முன் அண்ணாச்சி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். புளிப்பான எதுவும் உள்ளே வரக் கூடாது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவருடையது பால்கோவா கிண்டும் கொட்டகை. முன்பக்கம் அடுப்புகள், பின்பக்கம் சீனி மூட்டை அடுக்கும் அறை. அந்த அறையில் பாதியைத்தான் நான் கேட்டிருந்தேன். ஒரு கல்யாண வீட்டுக்குப் பால்கோவா வாங்கப் போனபோது பார்த்த காட்சிதான் காரணம். அடுப்பில் நிற்கும் பெண்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கொட்டகைக்கு வந்துவிடுகிறார்கள். அம்மாமார் வேலை முடிகிறவரை அடுப்பைச் சுற்றியே கிடக்கிறார்கள். அதில் ஒரு சின்னவள், இரண்டாம் வகுப்பு, என்னிடம் முழங்கையைத் திருப்பிக் காட்டினாள். கொதிக்கிற பால் தெறித்த தழும்பு. காது குத்தியதைக் காட்டுவதுபோல் பெருமையாகக் காட்டினாள். இரண்டாம் அடுப்பில் கிண்டிக்கொண்டிருந்த அவள் அம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

நான் வேதியியலில் முதுகலை முடித்துவிட்டு, ராஜபாளையத்தில் வீட்டோடு இருந்தேன். சும்மா இருப்பது எனக்கு வராது. பிள்ளைகளுக்குச் சாயங்காலம் அறிவியல் சொல்லித்தருவது என்று பஸ் வீடு வந்து சேர்வதற்குள் முடிவு செய்துவிட்டேன். அம்மாவிடம் சொன்னபோது, பஸ்ஸில் போய் வருவதையும் வேலை என்று சொல்லிக்கொள்ளலாம் என்றாள்.

அண்ணாச்சி என்னைக் கேட்டது ஒன்றுதான்.

"அறிவியல்ல என்னவெல்லாம் உண்டும் டீச்சர்?"

காந்தம், கண்ணாடி, நெம்புகோல் என்றேன். அவர் ஒவ்வொன்றையும் யோசித்துப் பார்த்தார்.

"நல்லது. இதுல எதுவும் புளிக்காது."

பால் திரிந்தால் ஒரு அடுப்பின் ஒரு நாள் உழைப்பு போய்விடும். அதனால் அந்தக் கொட்டகைக்கென்று சில பழக்கங்கள் இருந்தன. மோர்ச் சோறு, புளிக்குழம்பு எல்லாம் வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் சாப்பிட வேண்டும். ஊறுகாய் தொட்டவர்கள் கையைக் கழுவி, பக்கத்தில் நிற்பவரிடம் முகரக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். பால் திரிந்துவிட்டது என்று வாயால் சொல்லவும் கூடாது. சொன்னால் அடுத்த சட்டிக்கும் கேட்டுவிடுமாம். அதற்குப் பதிலாகப் பால் கோவிச்சுக்கிட்டு என்பார்கள். கொட்டகையில் மட்டுமல்ல, தெரு முழுக்க அப்படித்தான்.

வகுப்பு தொடங்கியது. பிள்ளைகளின் சட்டைப்பைகளில் இருந்த நெல்லிக்காய், மாங்காய்க் கீற்று, புளிமிட்டாய் எல்லாவற்றையும் வாசற்படியில் வைத்துவிட்டு வர வேண்டும், போகும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. மூன்றாம் நாள் ஒரு வெள்ளாடு வந்து எல்லாவற்றையும் தின்றுவிட்டது. அன்றைக்குக் கண்ணாடியில் ஒளி திரும்பும் பாடம். யாரும் கவனிக்கவில்லை.

ஆனாலும் வந்தார்கள். எந்தச் சோதனையிலும் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே விடு என்று முதல் வாரமே சொல்லியிருந்தேன். ஒரு பாட்டில் பயறு வெயிலில், ஒரு பாட்டில் பயறு நிழலில். சின்னவளின் அக்கா எட்டாம் வகுப்பு. அவள் அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு நான் எது செய்தாலும், "இன்னொண்ணு எங்கக்கா?" என்பாள். ஒப்பிட இன்னொன்று இல்லையென்றால் அவள் நம்புவதில்லை.

பிரச்சினையும் அவளிடமிருந்துதான் வந்தது. பள்ளிக்கூடத்தில் அமிலம், காரம் பாடம் நடத்திவிட்டார்கள். புத்தகத்தில் லிட்மஸ் தாளின் படம் கறுப்பு வெள்ளையில் இருக்கிறது. நீலம் சிவப்பாக மாறும் என்று அவள் மனப்பாடமாக ஒப்பித்துவிட்டு, "எந்தச் செவப்புக்கா?" என்று கேட்டாள்.

அண்ணாச்சியின் நிபந்தனை கொட்டகைக்குள்தான். அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் தெருமுனைத் தண்ணீர்த் தொட்டியடியில் பாடம் நடத்தினேன். செம்பருத்திப் பூவைத் தாளில் தேய்த்தோம். எலுமிச்சைச் சாறு பட்ட இடம் சிவந்தது. சோப்புத் தண்ணீர் பட்ட இடம் பச்சையானது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். சைக்கிளில் வந்த ஒருவர் அந்தச் சாறு தன் வேட்டிக் கரையை என்ன செய்யும் என்று கேட்டார். முடிந்ததும் பிள்ளைகளை இரண்டு தடவை கை கழுவவைத்து, நானே முகர்ந்தும் பார்த்தேன். சின்னவள் மட்டும் தன் தாளைக் கொடுக்க மாட்டேன் என்று சட்டைக்குள் சொருகிக்கொண்டாள்.

மறுநாள் சனிக்கிழமை. பள்ளி விடுமுறை. எனக்கும் வகுப்பு இல்லை. மத்தியானம் சின்னவள் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஓடி, அடுப்பில் நின்ற அம்மாவிடம் காட்டியிருக்கிறாள். செத்த நேரத்தில் இரண்டாம் அடுப்புப் பால் கோவித்துக்கொண்டது.

திங்கட்கிழமை நான் போனபோது சீனி அறை பூட்டியிருந்தது. பிள்ளைகள் பைகளோடு அடுப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். சின்னவள் பழைய இடத்தில், கொதிக்கும் சட்டிக்கு ஒரு முழத் தூரத்தில். யாரும் அழவில்லை. ஏற்கெனவே பழகிய இடம்.

அண்ணாச்சி கோபப்படவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"ஒங்க படிப்புல எலுமிச்சம்பழம் உண்டும்னு மொதல்லயே சொல்லியிருக்கலாம் டீச்சர்."

காய்ந்த தாளில் இருந்த ஒரு பொட்டுச் சாற்றால், அதுவும் சட்டியில் விழாமலேயே, அத்தனை பாலும் கெடாது என்று விளக்கினேன். அளவு, வெப்பநிலை, புரதம் என்று நான் சொல்லச் சொல்ல அவர் மரியாதையாகத் தலையாட்டினார். தலையாட்டி முடித்து, இத்தனை வருசம் கோவிக்காத பால் அன்றைக்கு ஏன் கோவித்தது என்றார்.

நிரூபித்துவிடுவது என்று கையிலிருந்த செம்பருத்தித் தாள்களை எடுத்தேன். வாசலில் புதிதாக வந்து இறங்கிய பால் கேன் ஒவ்வொன்றிலிருந்தும் சொட்டு எடுத்து வைத்தேன். எல்லாத் தாளும் ஒரே நிறம். இந்தத் தாளுக்கு அவ்வளவு நுணுக்கம் போதாது என்பதும், கெட்ட பால் சனிக்கிழமையே கொட்டப்பட்டுவிட்டது என்பதும் எனக்கு அப்போதுதான் உறைத்தது. அண்ணாச்சி, நிறம் நன்றாக இருக்கிறது என்றார்.

பெரியவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொண்ணு எங்கக்கா?"

எரிச்சலாக இருந்தது. எதற்கு இன்னொன்று என்றேன். அவள் என்னிடம் சொல்லாமல் அம்மாவிடம் கேட்டாள், சனிக்கிழமை இரண்டாம் அடுப்புக்கு எந்த ஊர்ப் பால் ஊற்றினீர்கள் என்று. வன்னியம்பட்டிப் பால் என்றாள் அம்மா. மற்ற அடுப்புகளுக்கு? கான்சாபுரம். பெரியவள் வாசலுக்குப் போய் எதிர்ப்பக்கம் பார்த்தாள். எதிரே ஒரு டீக்கடை. அந்தக் கடைக்காரர் தினமும் மத்தியானம் வன்னியம்பட்டிக் கேனிலிருந்துதான் ஒரு தூக்குப் பால் எடுத்துப்போவார்.

"சனிக்கெழம அவிய கடையில கடுங்காப்பி மட்டுந்தான் போட்டாவ. பால் டீ கேட்டவங்களையெல்லாம் திருப்பி அனுப்பிட்டாவ. நான் பாத்தேன்."

அண்ணாச்சி கடைக்காரரைக் கூப்பிட்டார். அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். சனிக்கிழமை ஏன் கடுங்காப்பி என்ற கேள்விக்கு அவர் முதலில் வானத்தைப் பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார்.

"கோவிச்சுக்கிட்டு அண்ணாச்சி. ஒங்க கேன் பாலு. ஒங்க வாசல்ல வந்து அதச் சொல்லலாமா?"

சின்னவளின் தாள் டீக்கடைப் பக்கம் போகவே இல்லை. அண்ணாச்சி வன்னியம்பட்டிக்குப் போன் போட்டார். பால்காரர் ஒளிக்கவில்லை. வண்டி பஞ்சர். கேன் செத்த நேரம் வெயிலில் நின்றது. எம்புட்டு நேரம் என்று கேட்டார் அண்ணாச்சி. பஞ்சர் ஒட்டுகிறவர் சாப்பிடப் போயிருந்தாராம், வந்து ஒட்டுகிற வரைக்கும் என்று பதில் வந்தது.

நான் அன்றைக்குச் சொல்லிக்கொடுத்தது எதுவும் இல்லை. தாள்களை மடித்துப் பையில் வைத்தேன்.

அண்ணாச்சி பெரியவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. சாயங்காலம் வருகிற கேன் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பால் எடுத்துத் தனியாகக் காய்ச்சிப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும், இந்தப் பிள்ளை நின்று பார்த்தால் அறிவியலும் ஆச்சு, பாலுக்கும் காவலாச்சு என்றார். எனக்குக்கூட ஒரு நொடி நல்ல யோசனையாகத்தான் தோன்றியது. களப்பயிற்சி என்று பெயர் வைக்கலாம்.

இரண்டாம் அடுப்பில் பால் கிண்டும் துடுப்பு நிற்கவில்லை. அந்த அம்மா சட்டியைப் பார்த்தபடியேதான் பேசினாள். சனிக்கிழமையிலிருந்து அவள் அண்ணாச்சியிடம் பேசிய முதல் பேச்சு அதுதான் என்று பிறகு மற்றவர்கள் சொன்னார்கள்.

"அதுக்கு ஒரு ஆளப் போடுங்க அண்ணாச்சி. எம்பிள்ளைக அடுப்புக்கு வரல. அந்த ரூமுக்குப் படிக்க வருதுக."

அண்ணாச்சி அடுப்படியில் இருந்த பைகளையும் பிள்ளைகளையும் பார்த்தார். பிறகு உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்து பூட்டைத் திறந்தார். நிபந்தனை மட்டும் அப்படியே இருந்தது. கூடுதலாக, தண்ணீர்த் தொட்டியடிப் பாடத்துக்கும் ஒரு நாள் முன்னாலேயே அவரிடம் சொல்ல வேண்டும்.

மறுநாள் ஒலி பற்றிப் பாடம். தீப்பெட்டி இரண்டு, நடுவில் நூல். அண்ணாச்சி கதவடியில் வந்து நின்று, இதில் எதையும் ஊற்ற வேண்டியதில்லையே என்று கேட்டார். இல்லை என்றதும் போய்விட்டார்.

நூலைச் சீனி அறையின் கடைசி மூலையிலிருந்து கதவு வழியாக அடுப்படி வரைக்கும் நேராக இழுத்துப் பிடித்தோம். மூலையில் மூட்டையில் சாய்ந்தபடி சின்னவள் தீப்பெட்டிக்குள் என்னவோ சொன்னாள். இந்த முனையைப் பெரியவள் அம்மாவின் காதில் வைத்தாள். அம்மாவுக்குத்தான் கை ஓயவில்லையே. துடுப்பைச் சுழற்றிக்கொண்டே தலையைச் சாய்த்துக் கேட்டாள். வெகு நேரம் கேட்டாள்.

என்ன சொல்கிறாள் என்று கேட்டேன்.

"பசிக்குதாம்."