போகிக்கு வெள்ளையடித்த பாசித் தொட்டி

ஸ்பைருலினா என்கிற சுருள்பாசி வளர்க்கப் போகிறேன் என்றதும் எங்கள் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "வழுக்கி விழக் கூடாதுன்னு ஊரே பாசியத் தேச்சுக்கிட்டு இருக்கு. நீ திங்கறதுக்கு வளக்கப் போறியா?"

அப்போது அரியலூர்ப் பக்கம் மகளிர் குழுக்களுக்கு அந்தப் பயிற்சி கொடுத்தார்கள். கொல்லையில் சிமெண்டுத் தொட்டி கட்டி, தண்ணீரில் சோடா உப்பு கலந்து, பயிற்சியில் கொடுத்த விதைப்பாசியை ஊற்றினேன். பகலில் அடிக்கடி கலக்கிவிட வேண்டும். விடிகாலையில் துணியில் வடிகட்டி, இடியாப்ப உரலில் பிழிந்து காயவைப்பேன். பச்சை நூல் நூலாக அது விழுகிற அழகு இன்னும் கண்ணில் நிற்கிறது. புகுந்த வீட்டில் அடுப்பு மாமியாருடையது, மாடு மாமனாருடையது. தொட்டி மட்டும் எனக்கே எனக்கு.

ஒரு போகியன்று பொங்கல் சாமான் வாங்க டவுனுக்குப் போய்த் திரும்பினால், தொட்டி வெள்ளை வெளேரென்று நிற்கிறது. ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடாத மனுஷன், வீட்டுக்கு வெள்ளையடித்த கையோடு தொட்டியையும் காலி செய்து, தேய்த்துக் கழுவி, உள்ளே சுண்ணாம்பும் அடித்துவிட்டார்!

"பண்டிகையும் அதுவுமா அழுக்குத் தண்ணி எதுக்குன்னு ஊத்திட்டேன். பாசிதானே, நல்ல தண்ணி விட்டா தானா புடிச்சுக்காதா?"

"வெத நெல்லக் குத்தித் தின்னுட்டு, நெல்லுதானே, தானா மொளைக்கும்னு சொல்லுவீங்களா?" என்று கத்தினேன். அழுகை அடங்கவில்லை. இரவு சோறு போட்டேன். பேசவில்லை.

பொங்கலன்று விடிந்தபோது ஆளைக் காணோம். பானை பொங்குகிற நேரத்துக்கும் வரவில்லை. எனக்கு ஆத்திரம் இன்னும் கூடிற்று. உச்சிவெயிலில் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தார், கையில் ஒரு பால் கேன். வெயில் படாமல் இருக்கத் தலைத்துண்டை அவிழ்த்து அதைச் சுற்றியிருந்தார். புது வேட்டியெல்லாம் பச்சைக் கறை. என்னோடு பயிற்சிக்கு வந்து, பாசி வளர்க்கிற டீச்சர் ஒருவரின் வீட்டைத் தேடி வரதராசன்பேட்டைக்கே போயிருக்கிறார். பக்கத்து வீட்டில் ஏணி இரவல் கேட்கக்கூடக் கூச்சப்படுகிறவர் அவர்.

"முன்னபின்ன தெரியாதவங்ககிட்ட என்னன்னு கேட்டீங்க?"

கேனை நிழலில் வைத்தார். "எம் பொண்டாட்டியோட பாசிய நாந்தான் கொன்னுபுட்டேன், கொஞ்சம் குடுங்கன்னு கேட்டேன்."

அதற்குப் பிறகு அவரிடம் எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன். பேசாமல் மட்டும் இருந்ததில்லை.