நல்லம் என்று சொல்லிவிட்டார்

ஹொங்கொங்கில் நான் வேலை செய்யும் தையற்கடைக்குப் போகிற வழியில் ஒரு பூங்கா இருக்கிறது. விடிந்ததும் அங்கே ஒரு கூட்டம் மெல்லக் கை தூக்கி, மெல்லக் கால் மாற்றிக்கொண்டிருக்கும். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இலங்கையில் நம் கல்முனைக்குடிக் கடற்கரையில் ஒருவன் இப்படி அசைந்தால், தண்ணீர் ஓதிக் கொடுக்க லெப்பையைக் கூட்டிவந்திருப்பார்கள். அது தாய்ச்சி என்ற சண்டைக் கலை என்று தெரிந்ததும் போய்ச் சேர்ந்தேன். எழுபதுகளின் கடைசியில் கப்பலேறும்வரை ஊரில் சீனடி என்ற சண்டைக் கலை விளையாடியவன் நான். பேரிலேயே சீனம் இருக்கிறதே, தாய்வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று ஒரு நினைப்பு. முதல் நாளே சீஃபூவுக்கு, அதாவது ஆசானுக்கு, ஆடிக் காட்டினேன். குனிந்து மண்ணைத் தொட்டு நெஞ்சில் வைத்து ஊர் ஆசானுக்குச் செய்யும் சலாம் வரிசையிலிருந்து கடைசி உதை வரை பார்த்துவிட்டு, இது எங்களுடையது இல்லை என்றார். ஆனாலும் சேர்த்துக்கொண்டார்.

எங்களோடு வெள்ளைக்காரர் இருவர் பழகினார்கள். அவர்கள் எதைச் செய்தாலும் சீஃபூ “நல்லம்” என்பார். சீனர்களுக்கோ ஓயாத ஏச்சு. இதன் சூட்சுமம் விளங்க எனக்கு நெடுநாள் பிடித்தது. இந்தக் கலையில் கண்ணுக்குத் தெரிவது தோல் மட்டும்தான். உடம்புக்குள் பாரம் எங்கே நிற்கிறது என்பதை ஆசான் தொட்டுத் திருத்த வேண்டும், திருத்தினால் ஏச்சும் கூடவே வரும். அந்நியனுக்குத் தோலைக் கொடுத்து, பாராட்டி அனுப்பிவிடுவார்கள். எனக்கும் வருஷக் கணக்காக “நல்லம்”தான். ஒருநாள் தொடையில் பளீரென்று ஓர் அடி விழுந்தது. “இரண்டு காலிலும் பாரம்! ஒரு கால் வெறுமையாக இருக்க வேண்டும்” என்று கத்தினார். அன்றைக்குப் பாட்டுப் பாடிக்கொண்டு தைத்தேன்.

ஏச்சு வாங்கி ஒரு வருஷம் போனபின், என்னை உள்வீட்டுச் சீடனாக எடுப்பதாகச் சொன்னார். அவருடைய ஆசானின் படத்துக்கு முன்னால் முழங்காலிட்டு நெற்றி தரையில் பட வணங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் உண்மையான பாடம். என் நெற்றி அல்லாஹ்வுக்கு மட்டும்தான் தரையில் படும் என்று அரைகுறைக் கன்டனீஸில் சொன்னேன்.

“உன் ஊர் ஆசானுக்கு மண்ணைத் தொட்டாயே?” என்றார்.

கை வேறு, நெற்றி வேறு என்று விளங்கப்படுத்தப் பார்த்தேன். அவர் வேறு விதமாக விளங்கிக்கொண்டு மரியாதையோடு தலையசைத்தார். “பழைய ஆசானை விடாதவன் நீ. நல்ல மனிதன். ஒருவனுக்கு இரண்டு ஆசான் கூடாது.” அதைத் திருத்திச் சொல்ல என் கன்டனீஸ் போதவில்லை. மறுநாளிலிருந்து ஏச்சு நின்றுவிட்டது. கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. கவலையும் வரவில்லை. மரத்துப்போன விரலில் ஊசி ஏறினாலும் தெரியாதே, அப்படி இருந்தது.

அடுத்த லீவில் ஊருக்குப் போனேன். தங்கச்சி மகனின் சுன்னத்துக் கலியாணம். என்னோடு சீனடி பழகிய மாமி மகன் ஹனீபா முற்றத்தில் இறங்கி என்னையும் இழுத்தான். எங்களுக்குச் சீனடி பழக்கிய ஆசான், அண்ணாவியார், மௌத்தாகிவிட்டார்; இப்போது அவன்தான் பழக்குகிறான். என் கை ஊர் அடிக்கும் போகவில்லை, தாய்ச்சிக்கும் போகவில்லை. முன்பென்றால் விலாவில் உதைத்து, “எருமை, கண் எங்க கிடக்கு?” என்று ஏசியிருப்பான். இப்போது உதை விலாவைத் தொடாமல் நின்றது.

“நல்லாத்தான் செய்றாய் மச்சான். களைச்சிப் போயிட்டாய், வா, சோத்துக்கு இரி.”

நாலைந்து பேர் சேர்ந்து உண்ணும் சஹன் தட்டில் நல்ல இறைச்சித் துண்டையெல்லாம் என் பக்கம் தள்ளி வைத்தான். விருந்தாளிக்கு அப்படித்தான் வைப்போம். எல்லாவற்றையும் தின்றேன்.

திரும்பி வந்து மறுபடியும் பூங்காவில் நிற்கிறேன். இன்று காலை வேண்டுமென்றே இரண்டு காலிலும் சரிபாதியாகப் பாரத்தை வைத்து நின்றேன். கற்றுக்குட்டிக்கும் தெரிகிற பிழை அது. சீஃபூ பக்கத்தில் வந்து என் கால்களை நெடுநேரம் பார்த்தார். தொடையில் அடி விழும் என்று காத்திருந்தேன்.

“நல்லம்” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.