திருஷ்டிப் பொட்டு இல்லை, என் வேட்டி ஓட்டை

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அவனியாபுரத்தில் ஓலைக் கொட்டகை ஒன்றில், ஒற்றை மோட்டாரை வைத்து எவர்சில்வர் பாத்திரப் பட்டறை போட்டேன். கரண்டு போன நாட்களில் கையாலேயே தேய்த்துப் பளபளப்பு ஏற்றினேன். குடத்துக்குக் கழுத்து வளைக்க எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. நாற்பது குடத்தைக் கோணலாக்கிவிட்டுத்தான் நாற்பத்தொன்றாவதை நேராக்கினேன். கொட்டகையைப் பிரித்து ஓட்டுக் கட்டடம் கட்டினேன், ஓட்டைப் பிரித்து மாடி எடுத்தேன். இரண்டு பெண்களைக் காலேஜ் வரைக்கும் படிக்க வைத்தேன். இவ்வளவும் செய்தவன், இன்று பீரோவைத் திறந்து எனக்குச் சொந்தமானது இது என்று காட்டுவதென்றால், ஓட்டை போட்ட பழைய வேட்டி ஒன்றைத்தான் காட்டுவேன். எலி கடித்த ஓட்டை இல்லை. கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டி, ஓரம் பிரியாமல் சுற்றித் தைத்த ஓட்டை. காப்பி டம்ளரின் வாய் அளவு இருக்கும்.

அந்த ஓட்டையின் கதையில் என் சகலை வருகிறார். என் மனைவியின் அக்காள் புருஷன். காளவாசலில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். செத்தவரைப் பற்றிக் குறை பேசக் கூடாது என்பார்கள். நான் பேசப் போவது குறை இல்லை, நடந்தது.

எழுபதுகளின் கடைசி. என் பாத்திரங்களை வாங்கி விற்ற டவுன் கடைக்காரர், பொங்கலுக்குக் காலண்டர் அடிக்க நினைத்தார். "வருசா வருசம் முருகன் படம் போட்டு அலுத்துப்போச்சுண்ணே. இந்த வாட்டி ஒங்க குடத்தையே போடுவோம். பத்து நாள்ல நல்ல படமாக் குடுங்க, இல்லாட்டி முருகனே வரட்டும்" என்றார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. நான் அடித்த குடம் ஊர்ச் சுவரில் எல்லாம் தொங்கப் போகிறது. போட்டோவுக்குச் சகலையை விட்டால் வேறு யார்?

இருப்பதிலேயே நல்ல குடத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனேன். பளிங்குத் தூண், தாமரைக் குளம் எல்லாம் வரைந்த திரைக்கு முன்னால் அதை நிறுத்தி, இரண்டு பெரிய விளக்கைப் போட்டு எடுத்தார். எவர்சில்வர் குடம் கண்ணாடி மாதிரி, எதிரே இருப்பதை எல்லாம் விழுங்கிவிடும். படத்தைக் கழுவிப் பார்த்தால் இரண்டு விளக்கும் இரண்டு முழியாகத் தெரிந்தன. நடுவில் சகலையின் தொந்தி, குடத்தின் வளைவில் இன்னும் பெருத்து, நிறைமாசமாக நின்றது.

"பளபளப்பக் கொஞ்சம் கொன்னாத்தான் படம் நிக்கும் சகலை" என்று சொல்லி, கலியாணப் பெண்ணுக்குப் போடுகிற முகப்பவுடரைக் குடம் முழுக்க அப்பினார். திட்டுத் திட்டாக நின்ற இடத்தை, வெற்றிலை போட்ட வாயில் கட்டைவிரலை நனைத்துத் துடைத்துவிட்டார். மனிதர்கள் தண்ணீர் குடிக்கிற குடம் ஐயா அது. அந்தச் சிவந்த எச்சில் வழிந்த இடம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அரை நாள் மூன்று பேர் தேய்த்து ஏற்றிய பளபளப்பு, பிணத்துக்குப் பூசின முகமாகப் போயிற்று. படத்தில் அது அலுமினியப் பானை.

வீட்டுக்கு வந்து குடத்தை முற்றத்தில் வைத்துவிட்டு, இனி முருகன்தான் என்று உட்கார்ந்துவிட்டேன். என் மனைவி அதைப் புளி போட்டு விளக்கி, மாடிக்குக் கொண்டு போய்த் துணி காய்கிற கொடிகளுக்கு நடுவில் கவிழ்த்து வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டாள். "இங்கேருங்க, சித்த மேல வந்து பாருங்க. வேட்டிக்கு உள்ள வச்சா கொடம் மூஞ்சி கழுவுன மாதிரி இருக்குல்ல?"

போய்ப் பார்த்தேன். இரண்டு பக்கமும் வெள்ளை வேட்டி தொங்க, வெயில் அதில் வடிகட்டி இறங்க, குடத்தில் முழி இல்லை, தொந்தி இல்லை. வேட்டியின் வெள்ளை மட்டும் வழுவழுவென்று ஓடியது. உரித்த நுங்கு மாதிரி இருந்தது குடம்.

அன்றைக்கே கயிற்றுக் கட்டிலை மாடிக்கு ஏற்றிக் கவிழ்த்தேன். மேலே நீட்டிக்கொண்டிருந்த நான்கு காலையும் சுற்றி வேட்டிகளைக் கட்டி, தலைக்கு மேலும் ஒன்றைப் போர்த்தினேன். உள்ளே பலகை போட்டுக் குடத்தை வைத்தேன். நாலு பக்கமும் வெள்ளையாகப் போனதில் குடத்தின் ஓரம் எது, வேட்டி எது என்று தெரியவில்லை. அதற்கும் அவள்தான் வழி சொன்னாள். பழைய குடையின் கறுப்புத் துணியைக் கிழித்து உள்ளே இரண்டு பக்கமும் தொங்கவிட்டாள். "கண்ணுக்கு மை எழுதுன மாதிரி" என்றாள். அப்படியேதான் இருந்தது. குடத்தின் இரண்டு ஓரமும் கறுப்பாகக் கோடு வாங்கி நிமிர்ந்து நின்றன. கேமராக் கண் எட்டிப் பார்க்க வேண்டுமே, அதற்காக முன்பக்க வேட்டியில் ஓட்டை வெட்டினோம்.

மறுநாள் காலை சகலை வந்தார். கட்டிலையும் வேட்டியையும் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார். "என்ன சகலை, கொடத்துக்குப் பிரசவமா பாக்குறீக?"

"ஆமா மச்சான்" என்றாள் என் மனைவி. "நீங்கதான டாக்டரு. ஓட்டையில கண்ண வச்சுப் பாருங்க, தலை தெரியுதான்னு."

கண்ணை வைத்தவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். கருமமே கண்ணாக ஒரு ரோல் முழுக்க எடுத்துத் தீர்த்தார்.

படம் வந்தது, காலண்டரும் வந்தது. நாகமலை புதுக்கோட்டை வரைக்கும் வீட்டுக்கு வீடு என் குடம் தொங்கியது. கீழே சகலையின் ஸ்டூடியோ பேர் கொட்டை எழுத்தில். என் பேர் இல்லை. குடத்தின் வயிற்றில் மட்டும் சின்னதாக ஒரு கறுப்புப் புள்ளி. அது வேறொன்றும் இல்லை. கேமரா எட்டிப் பார்த்த என் வேட்டி ஓட்டை, குடத்தில் அப்படித் தெரிந்தது. கேட்டவர்களிடம் சகலை என்ன சொன்னார் தெரியுமா? "இம்புட்டு அழகா இருக்கே, ஊர்க்கண்ணு பட்றக்கூடாதுன்னு நாந்தான் திருஷ்டிப் பொட்டு வச்சேன்." ஊர் நம்பியது. அடுத்த வருஷம் வேறு பட்டறைக்காரர்களும் தங்கள் பாத்திரத்துக்குப் பொட்டு கேட்டு வந்தார்கள். இவரும் படத்தின் மேல் தூரிகையால் பொட்டு வைத்துக் கொடுத்தார். பொய்யில் பொட்டு, பொட்டில் பொய்.

அதையும் பொறுத்தேன். எண்பதுகளில் ஒரு நாள், கலியாண மண்டபம் ஒன்றில் போட்டோக்காரர்கள் கூடி அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு, கட்டிலைக் கவிழ்த்ததும் வேட்டி கட்டியதும் தன் மூளை என்றார். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார், கண்ணிமைக்கவில்லை. கைதட்டினார்கள். தட்டில் இருந்த கேசரி வாயில் சாணியாக இருந்தது. அதைத் தட்டோரம் துப்பிவிட்டு எழுந்து வந்தேன்.

வீட்டில் வந்து கத்தினேன். எச்சில் விரல்காரன், அடுத்தவன் மூளையைத் தின்கிறவன் என்று என்னென்னவோ சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். "அவரு ஒங்க பேரச் சொல்லலன்னு இம்புட்டுக் குதிக்கிறீகளே, நீங்க எம் பேர எங்கயாச்சும் சொன்னீகளா?"

முறம் நிற்கவில்லை. நான் நின்றுவிட்டேன். பட்டறையில் வருகிறவன் போகிறவனிடம் எல்லாம் 'வேட்டிக் கூடாரம் நான் கண்டுபிடித்தது' என்றுதான் இத்தனை வருஷமும் சொல்லி வந்திருக்கிறேன். மண்டபத்தில் சகலை மேல் வந்த அதே குமட்டல் என் மேலேயே வந்தது. அது இன்னும் முழுசாக இறங்கவில்லை.

போன வாரம் சகலையின் மூத்த மகன் வந்தான். அப்பா எடுத்த படங்களை எல்லாம் வைத்துக் கண்காட்சி போடுகிறானாம். "சித்தப்பா, அந்தத் திருஷ்டிப் பொட்டுக் காலண்டர் ஒங்ககிட்ட மட்டுந்தான் இருக்கு. குடுத்தீகன்னா நடு மத்தியில மாட்டிருவோம்" என்றான். அடியில் வைக்கிற அட்டையைக்கூட எழுதிக் கொண்டுவந்திருந்தான். அதிலும் அதே பொய். இப்போதெல்லாம் என் பேரப் பிள்ளைகள் செல்போனில் ஒரு நொடியில் எடுத்து, புள்ளி இருந்தால் விரலால் தேய்த்து அழித்துவிடுகிறார்கள். நல்லவேளை, அந்தக் காலத்தில் இந்தப் புள்ளியை அழிக்கச் சகலைக்குத் தோன்றவில்லை.

காலண்டர் தருகிறேன் மகனே. தனியாகத் தர மாட்டேன். அதற்கு முன்னால் இந்த வேட்டியை விரித்துத் தொங்கவிடு. வருகிறவர்கள் ஓட்டையில் கண்ணை வைத்துக் குடத்தைப் பார்க்கட்டும். உன் அட்டையைக் கிழித்துவிட்டு வேறு எழுது. படம் எடுத்தது உன் அப்பா, இல்லை என்று நான் சொல்லவில்லை. குடம் அடித்தவன் நான், கட்டிலைக் கவிழ்த்தவன் நான், வேட்டி என்னுடையது. அந்த வெளிச்சத்தை முதலில் பார்த்தவள் உன் சித்தி. அவள் பேரை மேலே எழுது. அதற்கு அடுத்து என் பேரை எழுது, அதை விட்டுவிடாதே.