தூங்குகிறவரைப் பேய் தொடாது

அவள் என்னை ஏமாற்றினாளா, நானாகப் போய் ஏமாந்தேனா என்பதில் எனக்கு இன்றுவரை குழப்பம்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில், காலேஜ் படித்தபோது, கல்கத்தாவின் கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டில் ஞாயிறுதோறும் நாலு பேர் கதை விளையாட்டு விளையாடுவோம். நான் கதை சொல்வேன். மற்ற மூவரும் ஆளுக்கொரு பாத்திரமாகி அதற்குள் நடப்பார்கள். பிழைப்பதா சாவதா என்பதைப் பகடை சொல்லும். விதிகள் எல்லாம் என் மாமா பையன் கொண்டுவந்த ஒரு புத்தகத்தின் மங்கலான ஜெராக்ஸில் இருந்தன.

அதில் ஒரு பாழாய்ப்போன வரி: தூங்குகிறவரைப் பேய் தொடாது. டாலிகஞ்சிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் என் தோழி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பேய் வந்ததுமே, "நான் தூங்கிட்டேன்" என்பாள். பக்கத்து வீட்டு அண்ணனும் தம்பியும் தனியாக அடி வாங்குவார்கள்.

"சண்டைக்கு நடுவுல எப்படிடி தூக்கம் வரும்?" என்று கத்தினேன்.

"வராதுன்னு எங்க போட்டிருக்கு?"

எங்கேயும் போட்டிருக்கவில்லை. பேயே வராத கதை சொல்லிப் பார்த்தேன். மூவரும் கொட்டாவி விட்டார்கள்.

ஒரு ஞாயிறு அண்ணன்காரன் பகடையை வைத்துவிட்டு எழுந்தான். "அவ வந்தா நாங்க வரமாட்டோம். நீயே முடிவு பண்ணிக்கோ."

வாரம் முழுக்கப் பெங்காலியிலும் இங்கிலீஷிலும் ஓட்டிவிட்டு, தமிழில் நான் வாய்விட்டுச் சிரிப்பது அந்த ஒரு மத்தியானம்தான். பஸ் ஸ்டாப்பில் அவளைப் பிடித்தேன்.

"ஏண்டி இப்படிப் படுத்தற?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "முதல் நாள் ஆட்டத்துல என் ஆள் செத்துப்போச்சே, ஞாபகம் இருக்கா? சாயங்காலம் வரைக்கும் நீங்க மூணு பேரும் விளையாடறதைப் பாத்துண்டு உக்காந்திருந்தேன். அதுக்கா நான் இவ்ளோ தூரம் வரேன்?"

சுருக்கென்றது. திட்டுவதா, கட்டிப்பிடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. அண்ணனிடமும் தம்பியிடமும் ஒரே ஒரு வாரம் வந்து பாருங்கள் என்று கெஞ்சி, புது விதி போட்டேன்: செத்தவர்கள் பேயாகி விளையாடலாம்.

அந்த ஞாயிறு அவள் தூங்கவில்லை. முதல் ஆளாகப் பாய்ந்து, செத்து, கைதட்டினாள். "இப்போ நான் பேய். இனிமே என்னை யாரும் கொல்ல முடியாது. சுவர் வழியாவே போவேன், சரிதானே?"

ஐயோ, சரிதான். அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். போச்சு, கிளம்பிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

"அப்ப எங்களையும் சாகடி" என்றான் அண்ணன்.

மூன்று பேய்களும் வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டே சுவர் சுவராகப் புகுந்து, நான் கதையில் ஒளித்துவைத்திருந்த புதையலை எடுத்துவிட்டன. ஜெயித்தேனா தோற்றேனா என்று புரியாமல் நானும் சிரித்துவைத்தேன்.

அடுத்த ஞாயிறு மூவரும் சீக்கிரமே வந்துவிட்டார்கள். சாகவே முடியாத மூன்று பேய்களுக்குச் சொல்ல என்னிடம்தான் கதை இல்லை.