ரிங்கிட்டுக்குப் பாயிண்ட் பார்த்த கடை

ஆவணி மாதத்து இரண்டாம் திங்கட்கிழமை. வெள்ளிமலையிலிருந்து முதல் பேருந்தில் கள்ளக்குறிச்சி வந்து இறங்கிய அந்தப் பெண் நேரே என் வீட்டுக்கு வந்தாள். அவள் கணவர் எங்கள் வீட்டைக் கட்டிய கொத்தனார். இப்போது மலேசியாவில் வேலை. மகளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அன்று மாலைக்குள் முப்பத்தாறாயிரம் ரூபாய் கட்ட வேண்டும். அவளிடம் இருந்தது இரண்டாயிரம் ரிங்கிட், நான்காக மடித்த நோட்டுகள். கணவரின் பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைத்துக்கொண்டதால் அவரால் முறைப்படி பணம் அனுப்ப முடியவில்லை. ஊருக்கு வந்த கூட்டாளி ஒருவர் சட்டைப்பையில் கொண்டுவந்து கொடுத்திருந்தார்.

செய்தித்தாளில் அந்நியச் செலாவணிப் பத்தியை ஒரு நாளும் விடாமல் படிக்கிறவன் நான். அன்று ரிங்கிட் பத்தொன்பது ரூபாய். மாற்றுகிறவர் அரை ரூபாய் எடுத்துக்கொண்டாலும் முப்பத்தேழாயிரம் வரும், கவலைப்படாதே என்றேன்.

வங்கியில் வெளிநாட்டு நோட்டு வாங்குவதில்லையாம். சேலம் போக வேண்டுமாம். கொண்டுவந்தவரும் பாஸ்போர்ட்டோடு வர வேண்டுமாம். அதற்குள் மாலையாகிவிடும். வேறு வழியில்லாமல் விமான டிக்கெட் போட்டுத் தரும் ஒரு கடைக்குப் போனோம்.

கடைக்காரர் நோட்டைப் பிரித்து வெளிச்சத்தில் பார்த்தார். "பதினாறு போட்டுக்கலாம்."

"பேப்பர்ல பத்தொம்பதுன்னு வந்திருக்கே."

"அப்போ பேப்பர்காரன்கிட்டயே மாத்திக்குங்க சார். நாலா மடிச்சிக்கினு வந்திருக்காங்க, பாருங்க. மடிப்பு வுழுந்தா ரேட்டு கம்மி."

நோட்டில் கிழிசல் இல்லை, கறை இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மடிச்சா மூணு ரூபா தேஞ்சிடுமா?"

அவள்தான் என்னை அடக்கினாள். "வுடுங்கண்ணா. மில்லுல மட்டும் இன்னா, பாயிண்ட் கம்மின்னு கழிக்கலியா? சரக்கு அப்படி."

மரவள்ளி போடுகிற மலைக்காரர்களுக்கு இது பழகிப்போன கணக்கு. ஜவ்வரிசி ஆலையில் கிழங்கின் மாவுச்சத்தை அளந்து பாயிண்ட் சொல்வார்கள். பாயிண்ட் குறைந்தால் விலையும் குறையும். மாவு கூடுவதும் குறைவதும் மண்ணையும் மழையையும் பொறுத்தது. நோட்டில் ஏது மாவு? அதையும் கேட்டேன்.

கடைக்காரர் சிரித்தார். "அக்காவுக்கு வியாபாரம் புரியுது. உங்களுக்குத்தான் சார் புரியல."

ரசீது கேட்டேன். அதற்கும் ஒரு சிரிப்பு. முப்பத்திரண்டாயிரத்தோடு வெளியே வந்தோம். மீதியை நான் தருகிறேன் என்றேன். "வேணாண்ணா, காட்டுல கெளங்கு இருக்குது" என்று சொல்லிவிட்டாள். கல்லூரியில் கெஞ்சி, நான்காயிரத்துக்குப் புரட்டாசிக் கடைசி வரை தவணை வாங்கினாள்.

தையில் பிடுங்க வேண்டிய மரவள்ளியைப் புரட்டாசி மழையில் பிடுங்கினாள். சின்னசேலம் பக்கத்து ஆலையில் பாயிண்ட் ஏறவே இல்லை. அந்த நான்காயிரத்தைத் தேற்றுவதற்குள் காடு முழுவதும் காலி.

போனில் பேசியபோது என் ஆத்திரம் அடங்கவில்லை. ஆலையில் கழித்ததாவது நியாயம். அன்றைக்கு அந்தக் கடையில் நடந்தது பகல் கொள்ளை என்றேன்.

"கடக்காரரை இன்னாத்துக்குண்ணா திட்டறீங்க? எங்க வூட்டுக்காரருக்குத்தான் புத்தி இல்ல. போன்ல நல்லா ஏசிட்டேன். அடுத்த தபா ரெண்டு அட்டைக்கு நடுவுல வச்சி, மடிக்காம குடுத்தனுப்பச் சொல்லியிருக்கேன்."